பரணில் உறங்கும் மடிக்கணினி



நம்மில் பலருடைய இல்லங்களில், பரணின் மீதோ பீரோவின் அடித்தட்டிலோ, ஒரு பழைய மடிக்கணினி துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் பயின்ற நம் அக்காமார் பலர் அதனைப் பெற்றனர். அவர்கள் கல்லூரி முடித்து வேலைக்குச் சென்றனர். சிலர் மணமாகிப் புகுந்த வீடும் சென்றுவிட்டனர். மடிக்கணினி மட்டும் தாய்வீட்டிலேயே தங்கிவிட்டது. ஏன் அதனைப் பயன்படுத்துவதில்லை என்று கேட்டால், "போட்டுவிட்டுச் சோறு வடித்து வந்தாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்" என்று விடை வரும்.

அப்பொறி உண்மையிலேயே கெட்டுவிட்டதா? பெரும்பாலும் இல்லை. அதன் உறுப்புகளுள் ஒன்றே ஒன்று மற்ற எல்லாவற்றையும் காக்க வைத்துக்கொண்டிருக்கிறது. கடைகளில் ஹார்ட் டிஸ்க் என்று வழங்கும் வன்தட்டே அவ்வுறுப்பு. அதனை எடுத்துவிட்டு, எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகை நினைவகத்தைப் பொருத்தினால், பத்தாண்டுக்கு மேற்பட்ட பொறியும் பாடம் படிக்கவும் கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் நன்றாக உதவும். அம்மாற்றத்தைச் செய்யும் முறையை இக்கட்டுரையில் காண்போம். திருப்புளி பிடிக்கும் வேலை இதில் கால் மணி நேரந்தான். அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவையே பெரிய வேலைகள். ஏனெனில், மடிக்கணினியின் திரையும் விசைப்பலகையும் மின்கலமும் கெட்டால் வேறு வாங்கலாம். வன்தட்டில் எழுதப்பட்டிருப்பதை எக்கடையிலும் வாங்க இயலாது.

வன்தட்டைப் பார்த்திராதவர்கள் அதனை முழுவதும் மின்பொருள் என்றே எண்ணுவர். அது பாதிக்குப் பாதி ஓர் இயந்திரம். தாத்தா காலத்து இசைத்தட்டை நினைவில் கொள்ளுங்கள். தட்டு சுழலும், முள் அதன்மேல் நகர்ந்து பாடும். வன்தட்டின் உள்ளேயும் கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன தட்டு ஒன்றோ இரண்டோ உண்டு. அதன்மேல் காந்தப் பொருள் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். ஒரு சிறு கரத்தின் நுனியிலுள்ள தலை, அப்படலத்தில் காந்தப் புள்ளிகளாக எழுதுகிறது. பின்னர் அவற்றையே படிக்கிறது. இசைத்தட்டின் முள் தட்டைத் தொடும். இத்தலையோ தொடலாகாது. தட்டு சுழலும்போது உண்டாகும் காற்றின் மீது, சில நானோமீட்டர் உயரத்தில் அது மிதந்து செல்கிறது. நம் தலைமுடி ஒன்றின் தடிப்பே ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர் என்றால், அவ்விடைவெளி எத்துணைச் சிறியது! கண்ணுக்குத் தெரியாத தூசு ஒன்று புகுந்தாலும் அத்தலைக்கு அது குன்று போன்றது. எனவே, நல்ல வன்தட்டின் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

1956-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் உலகின் முதல் வன்தட்டுக் கருவியை வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள தட்டுகள் 50 அதில் அடுக்கப்பட்டிருந்தன. அதன் எடை ஒரு டன்னுக்கு மேல். அது தாங்கியதோ 50 இலட்சம் எழுத்துகளே. நம் அக்காமாரின் மடிக்கணினியில், உள்ளங்கையில் அடங்கும் 320 ஜி.பி. வன்தட்டு இருந்தால், அது அதனைப்போல் 64,000 மடங்கு எழுத்துகளைத் தாங்கும். இவ்வளவு வளர்ந்த பின்னும் சுழலும் தட்டு, நகரும் கரம் என்ற அமைப்பு மட்டும் மாறவில்லை. தாமதத்திற்குக் காரணமும் அதுவே.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருக்கும் வன்தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வது. அதாவது நொடிக்கு 90 முறை. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிநொடி ஆகும். வேண்டிய இடம் தலைக்கு நேராக வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அது ஐந்தரை மில்லிநொடி. கரம் உரிய தடத்திற்கு நகர மேலும் 12 மில்லிநொடி அளவில் ஆகும். ஆகக் கூடி ஒரு தேடலுக்கு 17 அல்லது 18 மில்லிநொடி. நொடிக்கு 60 தேடல்கூட முடியாது! கணினியை இயக்கியவுடன் அது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படிக்கிறது. 6,000 தேடல்கள் என்று வைத்துக்கொண்டாலும் 100 நொடிக்கு மேல் அதற்கே சரியாகிவிடும். நூல்நிலையத்தில் ஒவ்வொரு நூலுக்கும் வாசலிலிருந்து கடைசி அலமாரி வரை ஓடிவரும் உதவியாளரைப் போன்றது அக்கரம். அவர் சோம்பேறி அல்லர். ஓடும் தூரந்தான் அதிகம்.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. அது முழுவதும் சில்லுகளால் ஆனது. சிறுசிறு அறைகளில் எலக்ட்ரான்களை அடைத்து வைத்து, அவை இருக்கும் அளவைக்கொண்டு செய்தியைக் குறிக்கும் இம்முறைக்கு ஃபிளாஷ் நினைவகம் என்று பெயர். ஜப்பான் நாட்டின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா என்னும் பொறியியலறிஞர் 1980-களில் இதனை உருவாக்கினார். நம் கைப்பேசியிலும் பென் டிரைவிலும் இருப்பது இதுவே. எவ்வறையாயினும் ஏறத்தாழ ஒரு மில்லிநொடியின் பத்தில் ஒரு பங்கில் படித்துவிடலாம். முன்சொன்ன 6,000 தேடல்களும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். கணினியின் மூளை அதே பழைய மூளைதான். காத்திருப்பு நீங்கியதே அதன் விரைவு.

அளவு கடந்தும் நம்பிவிடக் கூடாது. 2 ஜி.பி. ரேம் மட்டும் உள்ள பொறி, எஸ்.எஸ்.டி. பொருத்திய பின்னும் இணையத்தில் பல பக்கங்களைத் திறந்தால் திணறவே செய்யும். கூடுதல் ரேம் போட இடமிருந்தால் அதனையும் சேர்த்துச் செய்தல் நன்று. திரையே எரியாத பொறிக்கும், நீர் புகுந்து பழுதான பொறிக்கும் இவ்வைத்தியம் பொருந்தாது.

இனி வேலையைத் தொடங்குவோம். முதலில் செய்ய வேண்டியது படி எடுத்தல். அக்காவின் பொறியானால், அவரிடம் சொல்லி, கடவுச்சொல்லைக் கேட்டு, அவர் இசைவுடனே திறக்க வேண்டும். படங்கள், பாட்டுகள், ஆவணங்கள் என்று பெயரிட்ட கோப்புறைகளை மட்டும் எடுத்தால் போதாது. முகப்புத் திரையில் கிடப்பவை, பதிவிறக்கங்கள், டி என்ற பிரிவில் உள்ளவை யாவற்றையும் பார்க்க வேண்டும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்கா பெற்ற பொறியில், இன்று உயிரோடில்லாத அவர்கள் பாட்டி பாடிய தாலாட்டு ஒன்று ஒலிப்பதிவாக இருந்தது. 'நியூ ஃபோல்டர் 3' என்ற பெயருக்குள், அதற்கும் ஒரு பெயரின்றிக் கிடந்தது அது. வேறு படி யாரிடமும் இல்லை.

எடுத்த படியை இரண்டு இடங்களில் வைத்தல் வேண்டும். பழைய பொறிகளின் யு.எஸ்.பி. வழி மெதுவானது, நொடிக்கு 30 மெகாபைட் அளவில் சென்றால் 100 ஜி.பி.க்கு ஒரு மணி நேரம் ஆகும். பொறுமை வேண்டும். படி எடுத்து முடிந்ததும் வேறொரு கணினியில் அதனைச் செருகி, நாலைந்து படங்களையும் ஓர் ஒலிப்பதிவையும் திறந்து பார்த்துவிட்டால் ஐயம் தீரும்.

தமிழில் தட்டச்சு செய்த கோப்புகளுக்கு இன்னொரு கவனமும் தேவை. இன்று நாம் யூனிகோடு முறையில் எழுதுகிறோம். எக்கணினியிலும் எழுத்து தெரியும். ஆனால் அந்நாளில் பலர் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தனர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிட்டவர்களும் உண்டு. ஆகவே, பழைய பொறியின் எழுத்துருக் கோப்புறையையும் தவறாமல் படி எடுத்துக்கொள்க. பின்னர் யூனிகோடுக்கு மாற்றித் தரும் செயலிகளைக்கொண்டு மெல்ல மெல்ல மாற்றிக்கொள்ளலாம்.

வன்தட்டிலிருந்து டக், டக் என்று ஓசை வந்தால் நிலைமை வேறு. அதன் தலையோ கரமோ பழுதுபட்டிருக்கலாம். அப்போது பொறியை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது நோயை முற்றச் செய்வதாகும். உள்ளே விலைமதிப்பற்றது ஏதேனும் இருந்தால், உடனே நிறுத்திவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொண்டுபோக வேண்டும். செலவு மிகுதிதான், செய்வதா வேண்டாமா என்பதை வீட்டார் கூடி முடிவு செய்யட்டும்.

எந்த எஸ்.எஸ்.டி.யை வாங்குவது? 2011-க்குப் பின் வந்த மடிக்கணினிகளில் பெரும்பாலும் இரண்டரை அங்குல அளவும் சாட்டா என்னும் இணைப்பும் கொண்ட வன்தட்டே இருக்கும். அதே அளவில் எஸ்.எஸ்.டி.யும் கிடைக்கிறது. பழைய தட்டுகளின் தடிப்பு பெரும்பாலும் ஒன்பதரை மில்லிமீட்டர். புதியதன் தடிப்பு 7 மில்லிமீட்டர். ஆகையால் அது உள்ளே போகாதோ என்ற அச்சம் வேண்டா. ஆடினால் பக்கத்தில் வைக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் போதும். எம்.2 என்ற பெயரில் மெல்லிய பட்டையாக வருவதைக் கடைக்காரர் காட்டினால், அது நம் பொறிக்கு ஆகாது என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். மாணவியருக்கு 240 அல்லது 256 ஜி.பி. போதுமென்பது நம் கருத்து.

புதிய 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தியதும் கணினி 223 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள்! தயாரிப்பவர் கணக்கில் ஒரு ஜி.பி. என்பது 100 கோடி பைட். விண்டோஸ் போன்றவை 1,024-ஐ மும்முறை பெருக்கி 107,37,41,824 பைட்டை ஒரு ஜி.பி. என்று கொள்கின்றன. 240-ஐ 1.0737-ஆல் வகுத்தால் அந்த 223 வந்துவிடும். பழைய 320-உம் இவ்வாறே 298 என்றுதான் காட்டியிருக்கும். நாம் கவனித்திருக்க மாட்டோம்.

பொறியைத் திறக்கும் நாளில், நல்ல வெளிச்சமுள்ள மேசையில் ஒரு பருத்தித் துணியை விரித்துக்கொள்க. மின்னேற்றியைப் பிடுங்கி, அடியிலுள்ள தாழ்களை நகர்த்தி மின்கலத்தைக் கழற்றி, இயக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், எஞ்சிய மின்சாரமும் வெளியேறும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை ஈர்க்கும் சோதனை நாம் அறிந்ததே. அந்த நிலைமின்சாரம் நம் விரல் வழியே பாய்ந்தால் சில்லுகள் கெடும். ஆதலால் முதலில் இரும்பு பீரோ அல்லது ஜன்னல் கம்பி போன்ற உலோகத்தைத் தொட்டுவிட்டு அமர வேண்டும்.

சிறிய நட்சத்திர முனைத் திருப்புளி ஒன்று போதும். முனை திருகாணியின் தலைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாததை வைத்து வலிந்து திருகினால் தலை மழுங்கிவிடும், பிறகு அது எவர் கைக்கும் வராது. திருகாணிகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. குட்டையானது இருந்த இடத்தில் நெட்டையைத் திருகினால் உள்ளே உள்ளதைக் குத்திவிடும். அஞ்சறைப் பெட்டி போன்ற கிண்ணங்களில் இடத்திற்கேற்பப் பிரித்து வைப்பது நல்ல வழக்கம். (கடுகும் சீரகமும் கலவாமல் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இவ்வேலை எளிது.) ஒவ்வொரு நிலையிலும் கைப்பேசியால் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் உதவும்.

பல மாதிரிகளில் அடிப்பக்கத்தில் வன்தட்டுக்கென்றே ஒரு சிறு மூடி உண்டு. சில மாதிரிகளில் அடிப்பலகை முழுவதையும் கழற்ற வேண்டும். அதனை நகத்தாலோ, பயன்படாத பழைய ஏ.டி.எம். அட்டையாலோ ஓரமாக நெம்பினால் வரும். உள்ளே வன்தட்டு ஒரு தகட்டுச் சட்டத்தில் அமர்ந்திருக்கும். சட்டத்தைப் பிடித்திருக்கும் திருகாணியை எடுத்ததும், தட்டை மேல்நோக்கித் தூக்காமல், இணைப்பிலிருந்து விலகும் திசையில் பக்கவாட்டில் மெல்ல இழுக்க வேண்டும். மேலே தூக்கினால் இணைப்பு முறியும். சட்டத்தின் பக்கத் திருகாணிகளைக் கழற்றி, பழையதன் இடத்தில் புதியதை வைத்துத் திருகி, வந்த திசையிலேயே உள்ளே தள்ளினால் முடிந்தது. சாட்டா இணைப்பின் நாக்கு 'ட' எழுத்தைப்போல் மடங்கியிருப்பதால் தலைகீழாகப் பொருந்தாது. பொருந்தவில்லையெனில் அழுத்தாதீர்கள், திருப்பிப் பாருங்கள்.

புதிய நினைவகம் வெறுமையானது. அதில் இயங்குதளத்தை நிறுவினால்தான் பொறி விழிக்கும். பழைய தட்டில் உள்ளதை அப்படியே நகலெடுத்துக் கொள்ளும் முறையும் உண்டு. விலை கொடுத்து வாங்கிய செயலி ஏதேனும் இருந்தாலன்றி நாம் அதனைப் பரிந்துரைப்பதில்லை. பத்தாண்டுக் குப்பையும் கூடவே குடிவந்துவிடும். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு உதவி 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான பொதுவான உதவி 2025 அக்டோபர் 14-ஆம் நாளும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் உறுப்புகள் அக்காலப் பொறிகளில் பெரும்பாலும் இல்லை. ஆகவே லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளமே ஏற்றது. அதனை ஒரு பென் டிரைவில் ஏற்றி, பயாஸ் அமைப்பில் பென் டிரைவை முதலிடத்தில் வைத்து இயக்கினால், கேட்கும் வினாக்களுக்கு விடையளித்தே நிறுவிவிடலாம். லிப்ரே ஆபீஸ் அதிலேயே உண்டு. தமிழ்த் தட்டச்சும் எளிதில் அமையும்.

ஒன்று மட்டும் நினைவிலிருக்கட்டும். எஸ்.எஸ்.டி.யில் அடைபட்ட எலக்ட்ரான்கள் மின்சாரமின்றி நெடுங்காலம் கிடந்தால், வெப்பத்தில் சிறிது சிறிதாகக் கசியும். எனவே, ஒரே படியாக உள்ள குடும்பப் படங்களை அதில் வைத்துப் பரணில் ஏற்றிவிடலாகாது. பரணில் கிடப்பதற்குப் பழைய சுழல்தட்டே மேல்!

இப்போது மேசையின் மீது பழைய வன்தட்டு இருக்கிறது. இதனை என் செய்வது? காயலான் கடையில் எடைக்குப் போடுவதும், பழுது பார்க்கும் கடையிலேயே விட்டுவருவதும் பலர் செய்வன. இவ்விரண்டையும் நம் பள்ளி மாணவியர் எவரும் செய்யலாகாது என்று அழுத்தமாகக் கூறுவோம். அதில் நம் அக்காவின் புகைப்படங்கள் உள்ளன. மதிப்பெண் பட்டியலும் ஆதார் அட்டையின் நகலும் இருக்கலாம். "எல்லாவற்றையும் அழித்துவிட்டேனே" என்பீர்கள். கோப்பை அழித்தல் என்பது நூல்நிலையத்துப் பட்டியலிலிருந்து ஒரு நூலின் சீட்டைக் கிழித்தெறிவது போன்றது. நூல் அலமாரியில் இருந்த இடத்திலேயே நிற்கும். விரைவு ஃபார்மட் என்பதோ பட்டியல் பெட்டியையே மாற்றி வைப்பது; அப்போதும் நூல்கள் அசைவதில்லை. தேடத் தெரிந்தவர், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செயலிகளைக்கொண்டே அவற்றை எடுத்துவிடலாம். பெண்பிள்ளைகளின் படங்கள் அயலார் கையில் சிக்கினால் விளையும் துன்பத்தை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

உண்மையில் அழிக்க வேண்டுமானால், தட்டு முழுவதும் அதன்மேல் வேறொன்றை எழுத வேண்டும். சாட்டாவை யு.எஸ்.பி.யாக மாற்றும் வடத்தினால் பழைய தட்டை இணைத்து, லினக்ஸில் உள்ள டிஸ்க்ஸ் என்னும் செயலியில், எல்லாவற்றையும் சுழியால் மேலெழுதும் முறையைத் தேர்ந்து ஃபார்மட் செய்தால் போதும். பட்டியலில் உள்ள பழைய தட்டு எது, புதிய எஸ்.எஸ்.டி. எது என்று அளவைப் பார்த்து உறுதி செய்த பின்னரே பொத்தானை அழுத்துக. 320 ஜி.பி.க்கு மூன்று மணி நேரம் ஆகலாம். இயங்கவே இயங்காத தட்டாயின், தடித்த சாக்கில் சுற்றி, பெரியவர் ஒருவரைக்கொண்டு சுத்தியலால் நொறுக்கச் செய்யலாம். உள்ளே இருப்பது கண்ணாடித் தட்டாக இருந்தால் சில்லுசில்லாகத் தெறிக்குமாதலால் கண்ணுக்குக் காப்பு வேண்டும். மிஞ்சியதை மின்கழிவு சேகரிப்போரிடம் சேர்க்கலாம், குப்பையோடு எரிக்கலாகாது.

நல்ல நிலையிலுள்ள தட்டை அழிக்க வேண்டிய தேவையே இல்லை. அதற்கென விற்கும் சிறு உறையில் இட்டால், அது யு.எஸ்.பி. வழியே இயங்கும் சேமிப்புப் பெட்டியாகிவிடும். அவ்வாறு செய்து, அடுத்த முறை அக்கா ஊருக்கு வரும்போது அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மடிக்கணினி இப்போது தங்கைக்கு. தட்டில் உள்ளவற்றுள் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்பதை அவரே பார்த்துச் சொல்வார்.